மூழ்க வேண்டிய பூச்சி

முப்பத்து நான்கு வயதில் பணி ஓய்வு பெற்றவர்கள் புனேயில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நான் ஒருத்தி. சால்வை போர்த்தினார்கள், எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள், இனி வீட்டில் நிம்மதியாக இருங்கள் என்று வாழ்த்தினார்கள். ஒன்பது வயது மகள் இருக்கும் வீட்டில் நிம்மதியாக இருப்பது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஓய்வுக்குக் காரணம் முதுமை அல்ல, முகவரி. எங்கள் பட்டறை கோந்த்வாவிலிருந்து ஆகுர்டிக்கு இடம் மாறியது. ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பள்ளிவிட்டு வந்த மகள் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் நிற்காவிட்டாலும் நிற்பதாக நான் நினைத்துக்கொண்டிருப்பேன். அது போதும், ஒரு பூச்சியும் உருப்படியாகக் கட்ட முடியாது.

ஆகுர்டியில் இப்போது சரிபார்க்கக் கேமரா வந்திருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போனில் கேட்டாள்: "தீதி, நீங்கல்லாம் கையாலயே செக் பண்ணீங்களாமே? கையில அப்படி என்ன தெரியும்?" போனில் சொல்லி முடிகிற கதையில்லை. நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலோ பணி ஓய்வு பெற்றோர் அனுபவம் கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக வங்கி மேலாளர்களும் தலைமையாசிரியைகளும் எழுதும் பக்கங்கள். நடுவே மீனை ஏமாற்றியவள் ஒருத்தியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

என் வேலை தூண்டில் பூச்சி கட்டுவது. அரிசியைவிடச் சற்றே பெரிய கொக்கியின்மேல் நூல், இறகு, முயல் ரோமம், செப்புக் கம்பி ஆகியவற்றைச் சுற்றி, மீன் பார்த்தால் பூச்சி என்று நம்பும்படி செய்ய வேண்டும். வெளிநாட்டில் குளிர்ந்த ஆறுகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீளமான கோலைச் சுழற்றி, இந்தப் பூச்சியை வீசுவார்கள். மீன் கடிக்கும். பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொண்டு, அதை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். கோயம்புத்தூரில் என் சித்தப்பாவிடம் இதை விளக்கினேன். "அப்பறம் எதுக்குப் புடிக்கறாங்க?" என்று கேட்டார். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு புனே முழுக்க ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லா நேர்காணலிலும் ஆய்வகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் குழந்தையைப் பற்றி நாலு கேள்வியும் கேட்டார்கள். பட்டறையில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. காலைப் பள்ளி மணி அடித்த பிறகு வரலாம், மாலை மணி அடிப்பதற்குள் போகலாம். அப்படி ஒரு வேலை இந்த ஊரில் வேறு எங்கும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெறும் கொக்கியில் நூல் சுற்றினேன். சுற்றியதைப் பிரித்தேன். இழுத்தால் அறுந்தது, விட்டால் தளர்ந்தது. ஒரு மழைக்காலம் இப்படியே போயிற்று. "புள்ள வளக்கறதுக்கும் இதான் ட்ரெய்னிங்" என்றார் பக்கத்து இருக்கை செல்வி அக்கா. அவருடைய தாத்தா திருநெல்வேலியிலிருந்து ராணுவ வேலைக்காகக் கட்கிக்கு வந்தவர். அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் கட்கியில்தான். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, இந்தியில் திருப்பி, மராத்தியில் கொண்டுபோய் நிறுத்துவார்.

பட்டறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் மிதக்கும் பூச்சி. விறைப்பான சேவல் கழுத்து இறகைச் சக்கரம்போலச் சுற்றினால் அது நீரின்மேல் நுனிக்காலில் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். மேசையும் ஜன்னலோரம். எங்களுடையது மூழ்கும் பூச்சி, மேசை கழிவறைப் பக்கம். கொக்கித் தண்டில் முதலில் ஈயக் கம்பி. அதன்மேல் முயல் ரோமத்தை நூலோடு முறுக்கிச் சுற்ற வேண்டும். பிறகு செப்புக் கம்பியால் இறுக்கி, ஊசி நுனியால் ரோமத்தைக் கிளறிவிட வேண்டும். தூங்கி எழுந்த தலைபோல் இருந்தால்தான் சரி. கடைசியில் தலைப்பகுதியில் முடிச்சுப் போட்டு, ஊசி முனையில் ஒரு சொட்டு வார்னிஷ். அந்த வார்னிஷின் நெடிக்கு முன்னால் வேறு எந்த வாசனையும் அந்தக் கொட்டகையில் பிழைத்ததில்லை. மதியம் டப்பாவைத் திறந்தால் உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டிய பூச்சிகள் எல்லாம் மந்தா தாயியிடம் போகும். தாயி என்றால் மராத்தியில் அக்கா. அவர்தான் மேற்பார்வையாளர். ஒருவரையும் திட்டியதில்லை. பூச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "ச்சான்" என்பார். நன்றாக இருக்கிறது என்று பொருள். பிறகு பிளேடை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே கீறு. ரோமமும் நூலும் கம்பியும் உதிர்ந்து, வெறும் கொக்கி நம் கைக்குத் திரும்பி வரும். நான் சேர்ந்த புதிதில் அந்த ச்சானைக் கேட்டுச் சிரித்து, நன்றி வேறு சொல்லியிருக்கிறேன். பூச்சி உண்மையிலேயே சரியாக இருந்தால் தாயி ஒன்றும் பேச மாட்டார், பெட்டிக்குள் போட்டுவிடுவார். எனவே பாராட்டு வராத நாளே எங்களுக்கு நல்ல நாள்.

மிதக்கும் பூச்சியை அவர் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதோடு சரி, இறகைத் தொட மாட்டார். மூழ்கும் பூச்சிக்கு மட்டும் தனிச் சடங்கு உண்டு. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டுவார். உள்ளே ஈயக் கம்பி தளர்ந்திருந்தால் உடம்பு மட்டும் சுழலும், கொக்கி அசையாது. அவர் விரலுக்கு அது தெரியும். எங்கள் மேசையிலிருந்து போன ஒவ்வொரு பூச்சியும் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே உருண்டுதான் கடல் தாண்டியது.

இனி அந்த மழைக்காலம். மகள் மித்ரா அப்போது ஒன்றாம் வகுப்பு.

வாங்குகிற நிறுவனத்திடமிருந்து ஒரு வீடியோ வந்தது. தாயியின் போனைச் சுற்றி எல்லோரும் நின்றோம். ஒரு வெள்ளைக்காரர் ஆற்றின் நடுவே நிற்கிறார். எங்கள் பூச்சியை வீசுகிறார். அது மூழ்கவில்லை. வாத்துக் குஞ்சுபோல மிதந்து போகிறது. அவர் பூச்சியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். அவ்வளவுதான் வீடியோ.

"ச்சான்" என்றார் மந்தா தாயி.

பதிலுக்கு வேறு பூச்சிகள் அனுப்ப வேண்டும், அதுவும் மிதந்தால் மூழ்கும் பூச்சியின் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார். யாரையும் வேலையிலிருந்து எடுக்க மாட்டாராம். மேசையை மூடிவிட்டு, எங்களை மிதக்கும் மேசையின் மாலை நேரப் பிரிவுக்கு மாற்றுவாராம். பெரிய மனசு. எனக்கு அது வேலையை விட்டுப் போ என்பதன் மரியாதையான வடிவம். மாலையில் மித்ராவை யார் பார்ப்பது?

கணவரிடம் சொன்னேன். அவர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "பேசாம விட்டுரு. எதுக்கு டென்ஷன்?" என்றார். என்னுடைய எல்லாப் பிரச்சினைக்கும் அவரிடம் இந்த ஒரே மாத்திரைதான்.

பட்டறையில் நீல நிற டப்பில் தண்ணீர் நிரப்பி, சரிபார்த்து முடித்த பெட்டிகளிலிருந்து பூச்சிகளை அள்ளிப் போட்டோம். எல்லாம் மிதந்தன. பெட்டிக்குள் எல்லோருடையதும் கலந்திருந்ததால் யாருடையது என்று சொல்ல வழியில்லை. பிசுக்கு ஏதாவது ஒட்டியிருந்தால் ஒழிய ரோமம் இப்படித் தண்ணீரைத் தள்ளாது. வேதியியல் படித்தவளுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதுவும் தேவைப்படவில்லை.

குற்றவாளி நான்தான். தினமும் காலையில் மித்ராவின் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளியில் விட்டுவிட்டு நேரே பட்டறைக்கு வருகிறேன். மேசைக்கு முதலில் வருபவள் என்பதால், அன்றைக்கு எல்லோருக்கும் வேண்டிய முயல் ரோமத்தைக் கலந்து வைப்பதும் நான்தான். சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். ஆனால் சரியாகக் கழுவுகிறேனா? நகக்கண்ணில்? மோதிரத்துக்கு அடியில்?

மதியம் செல்வி அக்காவிடம் மெல்லச் சொன்னேன். "எனக்கென்னமோ என் கைதான்னு தோணுதுங்கக்கா."

அக்கா வாயில் இருந்த சப்பாத்தியை விழுங்கக்கூட இல்லை. "அரே, பாகல் ஆயிட்டியா? உன் பொண்ணு தலை எண்ணெயில இவ்ளோ பூச்சி மிதக்குமா? அவ தலை என்ன செக்கா?"

"ரோமத்தை நான்தானே கலக்கறேன்."

"கலந்தா கலந்துட்டுப் போ. கேக்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்ற? பஸ் கரோ, போதும். சும்மா உக்காரு."

சும்மா உட்காருவது எனக்கு வராது. நேரே தாயியிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் நிமிர்ந்து என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிளேடு மேசைமேல்தான் இருந்தது. "நாளைலேர்ந்து எண்ணெய் பந்த்" என்றார். "எனக்கு மட்டுமா தாயி?" என்று கேட்டேன். "எல்லாருக்கும்."

மறுநாளிலிருந்து மேசை முழுக்க எண்ணெய் காணாத தலைகள். ஆடி மாத ஈரக் காற்றில் ஒவ்வொரு தலையும் ஊசியால் கிளறிவிட்ட மாதிரி நின்றது. "பாரு, கொக்கி மாட்டினா நம்மளயே பார்சல் பண்ணலாம்" என்றார் செல்வி அக்கா. மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நகைச்சுவை இல்லை.

வீட்டில் மித்ராவின் தலைக்கும் எண்ணெயை நிறுத்தினேன். ஏன் என்று கேட்டாள். அம்மாவின் ஆபீசில் ஒரு பிரச்சினை என்று மட்டும் சொன்னேன். மீதியைக் கணவரிடம் சொல்லும்போது அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

புதிய பூச்சிகளைக் கட்டினோம். தாயி உருட்டிப் பார்த்தார். பெட்டியில் போட்டார். டப்பில் போட்டால் மறுபடியும் மிதந்தன. "ஹவா" என்றார் தாயி. மழைக் காற்றில் ரோமம் கெட்டுவிட்டதாம். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் என் கையையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வார்னிஷ்தான் வாசனை அடித்தது.

அந்த வாரம் பள்ளி வாசலில் மித்ராவின் டீச்சர் என்னை நிறுத்தினார். யாரோ ஒரு குழந்தை வகுப்பின் சார்ட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டதாம். யார் என்று கேட்டதும் மித்ரா எழுந்து நின்று நான்தான் என்றிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில், கொட்டியவன் வேறு ஒருவன் என்று தெரிந்ததாம். "வெரி ரெஸ்பான்சிபிள் சைல்ட்" என்று டீச்சர் பாராட்டினார். எனக்குத் தாயியின் ச்சான் கேட்ட மாதிரி இருந்தது.

வழியில் கேட்டேன். "நீயாடா கொட்டின?"

"தெரியல."

"தெரியாம எப்படி நான்தான்னு சொன்ன?"

"நான்தான் இருக்கும்னு நெனச்சேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அம்மா, என் ஹேர்னாலதான உன் வேலை போகப்போகுது?" என்று கேட்டாள்.

குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். அந்த நிமிடம் வரை, என் கைதான் காரணமா என்று நான் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத்தில் ஒரு சொட்டு நீரைக்கூட மூன்று முறை அளந்தவள் நான். ஒப்புக்கொள்வதற்கு மட்டும் எனக்குச் சோதனையே தேவைப்படவில்லை.

கட்டி முடித்த பூச்சியை நனைப்பது பட்டறையில் பெரிய குற்றம். கொக்கி துருப்பிடிக்கும். மறுநாள் அந்தக் குற்றத்தைச் செய்தேன். நான் கட்டிய பூச்சியை, தாயியிடம் போவதற்கு முன்பே, டீ குடிக்கும் எவர்சில்வர் தம்ளரில் நீர் நிரப்பிப் போட்டேன். கல்லைப்போல அடியில் போய் உட்கார்ந்தது. நம்பவில்லை. இன்னொன்று போட்டேன். அதுவும் போயிற்று. செல்வி அக்காவுடையதைப் போட்டேன். அதுவும்.

"என்னடி, தம்ளர்ல மீன் புடிக்கிறியா?" என்றார் அக்கா.

"அக்கா, மூழ்குதுங்க."

"மூழ்கத்தானே கட்டுறோம்?"

"தாயி பாத்து முடிச்சதும் மிதக்குதே."

அக்கா சிரிப்பை நிறுத்தினார். மெல்லத் திரும்பித் தாயியின் மேசையைப் பார்த்தார். பிறகு தன் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு ரொம்ப மும்முரமாகிவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார்.

நானும் உடனே எழுந்துவிடவில்லை. பெட்டியின் அட்டையாக இருக்கலாம். காற்றாக இருக்கலாம். ஒருவேளை என் எண்ணெய்தான் தாமதமாக வேலை செய்கிறதோ என்றுகூட நினைத்தேன், நம்புங்கள். கடைசியில் இரண்டு தம்ளர்களை எடுத்துக்கொண்டு தாயியின் முன்னால் போய் நின்றேன். "தாயி, ஒரு சந்தேகம்." ஒன்றில் அவர் கை படாத பூச்சியைப் போட்டேன். இன்னொன்றில் அவர் அப்போதுதான் உருட்டி வைத்ததை எடுத்துப் போட்டேன்.

ஒன்று அடியில், ஒன்று மேலே. கொட்டகைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

தாயி மிதந்த பூச்சியை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ச்சான்" என்றார். பிளேடை எடுத்து ஒரே கீறு. அவர் தேர்ச்சி கொடுத்த பூச்சி ஒன்று உதிர்ந்து விழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார். மூட்டு வலிக்கு வைத்தியர் கொடுத்த எண்ணெய். வார்னிஷ் நெடியில் யாருக்கும் அதன் வாசனை தெரியவில்லை. வலது கட்டைவிரலை நிமிர்த்திக் காட்ட முயன்றார். அது பாதிக்கு மேல் நிமிரவில்லை.

"இந்த மழைலேர்ந்துதான். எண்ணெய் போடலைன்னா உருட்டவே வராது. உருட்டலைன்னா நான் எதுக்கு இங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பள்ளி வாசலில் மித்ரா கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் வருகிறது. "எண்ணெய் பந்துன்னு எல்லாருக்கும் சொன்னீங்களே தாயி. உங்களோடதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் இருந்தேன்" என்றார் தாயி, பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே. "நீ ஓடி வந்து உன்னோடதுன்னியே. அப்பறம் நான் எதுக்குச் சொல்லணும், மத்ராசி?"

நான் கோயம்புத்தூர் என்று திருத்தும் நிலையில் இல்லை.

பழைய பெட்டிகளைக் கொட்டி, பூச்சிகளைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் அலசினோம். பக்கத்து பியூட்டி பார்லரில் தலை உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கி வந்தார் செல்வி அக்கா. "கல்யாணப் பொண்ணுக்கான்னு கேட்டா. ஆமா, நெறைய பொண்ணுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். உலர்ந்ததும் ஊசியால் மறுபடி ரோமத்தைக் கிளறினோம். உருட்டிப் பார்க்கும் நாற்காலியில் தாயி என்னை உட்கார வைத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் உருட்டியதை வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றும் பேசாமல் பெட்டியில் போட்டார். முதலாளியிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. நான் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி என்னுடையதாகவே இருந்தது. பட்டறையிலேயே எண்ணெய் வைக்கக்கூடாத ஒரே கை என்னுடையது என்ற பதவி உயர்வு அது.

அன்று கிளம்பும்போது தாயி என்னை நிறுத்தினார். அந்தத் தம்ளரில் மூழ்கிய பூச்சியையும், அவர் உருட்டி இன்னும் அலசாமல் வைத்திருந்த ஒன்றையும் எடுத்து, குறடால் இரண்டின் கொக்கி வளைவையும் நறுக்கினார். காகிதத்தில் தனித்தனியாக மடித்துக் கொடுத்தார். "பொண்ணுக்குக் காட்டு" என்றார். மித்ராவைப் பற்றி நான் அவரிடம் பேசியதில்லை. செல்வி அக்காவுக்கு ஒன்றும் தெரியாதுதான், ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறார்.

கொஞ்ச நாளில் இன்னொரு வீடியோ வந்தது. அதே ஆறு, அதே வெள்ளைக்காரர். பூச்சியை வீசினார். விழுந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒன்றுமே தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். தாயி தட்டவில்லை. நன்றாக நிமிர்ந்த அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கேமரா பூச்சியைப் பார்க்கும். பூச்சியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று அதற்குத் தெரியாது.

காகிதத்தில் மடித்துத் தந்ததை அன்று சாயங்காலமே சமையலறை மேடையில் பிரித்தேன். வளைவு நறுக்கிய பிறகும் முனை குத்துமோ என்று ஒருமுறைக்கு இருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மித்ராவைக் கூப்பிட்டேன். இரண்டு தம்ளரில் தண்ணீர். அவள் கையாலேயே போடச் சொன்னேன். ஒன்று மூழ்கியது, ஒன்று மிதந்தது.

"இது அம்மா கட்டினது. எங்க போச்சு பாரு."

அவள் தம்ளருக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். "கீழ போச்சு."

"மேல இருக்கறது பெரிய ஆன்ட்டி கை எண்ணெய். உன் தலைக்கு எண்ணெய நிறுத்தின அப்பறமும் மிதந்துச்சே. உன் ஹேர் ஒண்ணுமே பண்ணல. அம்மாவும் பண்ணல."

மிதந்த பூச்சியை விரலால் அமுக்கினாள். அது மறுபடி மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள்.

"அப்ப அந்த ஆன்ட்டி ஏன் நான்தான்னு சொல்லல?"

"நான் முந்திக்கிட்டேன்டா."

"நான் அந்தச் சார்ட்டுக்கு முந்திக்கிட்ட மாதிரியா?"

"அதே மாதிரி."

யோசித்துக்கொண்டே அந்தத் தம்ளரைத் தூக்கினாள். அது கையிலிருந்து நழுவி, தண்ணீர் மேடை முழுக்க ஓடி, என் காலில் சொட்டியது. இருவரும் தண்ணீரைப் பார்த்தோம். நான் முந்திக்கொள்ளாமல் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"இது நான்தான்" என்றாள் மித்ரா, நன்றாகப் பார்த்துவிட்டு.